இரண்டாம் பாட்டின் கடைசிக் கத்தல்

அந்த ஆல்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே ஃபோனில் தேடி எடுத்து, அரை நிமிடம் கேட்டுவிட்டு, இதற்கா இந்த ஆள் இவ்வளவு பாடுபட்டான் என்பீர்கள். என் மனைவி கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தான் சொல்கிறாள். ஜெர்மனிக்காரர்கள் போட்டது, அட்டையில் முக்காடு போட்ட ஓர் உருவம் இருக்கும் என்பது வரைக்கும் சொல்கிறேன். பவர் மெட்டல் என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. ஸ்வீடன், ஃபின்லாந்து, இத்தாலி என்று ஐரோப்பா முழுக்க அதன்பிறகு எத்தனையோ குழுக்கள் வந்து அந்த வேகத்தில் வாசித்தார்கள், அந்த உயரத்தில் பாடினார்கள். எல்லோரும் தண்ணீர் எடுத்தது இந்த ஒரு கிணற்றில்தான். இதில் எவனாவது என்னோடு சண்டைக்கு வந்தால் வரட்டும்.

எனக்கு வேண்டியது முழு ஆல்பம்கூட இல்லை. முதலில் சின்னதாக ஒரு வாத்திய இசை வரும். அடுத்து வருகிற பாட்டின் முடிவில் பாட்டுக்காரன் ஒரு கத்துக் கத்துவான். அதை இன்னும் ஒரே ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். இந்த நான்கு வருடமாக நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

முதன்முதலில் அதைக் கேட்டது சூரமங்கலத்தில். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து சேலத்துக்கு வந்து பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த ஒருவனின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை; குவார்ட்டர்ஸில் வீடு. அவனுடைய மாமா பம்பாயிலிருந்து கொண்டுவந்த கேசட் அது. ஒரிஜினல்கூடக் கிடையாது, யாரிடமிருந்தோ எடுத்த காப்பி. சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டான்.

எங்கள் பக்கத்தில் அதுவரைக்கும் நான் கேட்ட பாட்டில் ஒருவர் அழுவார், இல்லையென்றால் ஒருவர் கும்பிடுவார். இந்தப் பாட்டுக்காரன் இரண்டும் செய்யவில்லை. ட்ரம்காரன் இரண்டு காலாலும் உதைக்கிறான், இரண்டு கிட்டார் ஒன்றை ஒன்று துரத்துகிறது, அத்தனை வேகத்துக்கு மேலே ஏறி நின்றுகொண்டு இவன் சந்தோசமாகப் பாடுகிறான். இங்கிலீசு பாதி புரியவில்லை. சந்தோசம் மட்டும் நன்றாகப் புரிந்தது. பாட்டு முடியப்போகிறது என்று நினைக்கும்போது அந்தக் கத்தல் ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றான். சரி, மூச்சு முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் இன்னும் ஒரு படி ஏறினான். எனக்குக் கையில் மயிர் எல்லாம் நின்றுவிட்டது.

"எப்படிடா இருக்கு?" என்றான் நண்பன்.

"மறுக்காப் போடு," என்றேன்.

அன்றைக்கு எத்தனை மறுக்கா போட்டோம் என்று தெரியாது. மோட்டார் தேயக்கூடாது என்று பேனாவைக் கேசட்டின் பல்லில் விட்டுச் சுற்றிச் சுற்றித் திருப்பினோம். எனக்கும் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தான். பிறகு அவனும் ரயில்வேயிலேயே வேலை வாங்கி வடக்கே போய்விட்டான். சில வருடம் முன்பு ஃபோனில் பேசும்போது இந்த ஆல்பத்தைப் பற்றிச் சொன்னேன். "அதையெல்லாம் இன்னுமாடா கேக்கற?" என்று சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அத்தோடு ஃபோனை வைத்துவிட்டேன்.

படிப்பு முடித்ததும் நான் ரிக் வண்டிக்குப் போனேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. எங்கள் ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் அதில்தான் ஆந்திரா, கர்நாடகா, சத்தீஸ்கர் என்று வருடம் முழுக்கச் சுற்றுகிறார்கள். மூன்றே வருடத்தில் ட்ரில்லர் ஆகிவிட்டேன். வண்டிப் பக்கத்தில் நின்று லீவரைப் பிடித்துத் துளை போடுகிறவன்தான் ட்ரில்லர். ஒருபக்கம் கம்ப்ரசர் அலறும், கீழே குழிக்குள் ஹேமர் பாறையை அடிக்கும். ஆள் ஆளுக்குக் கை சைகைதான். வாயால் பேச்சு கிடையாது. மற்ற வேலையாட்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள், தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். ட்ரில்லர் மட்டும் காதை மூடமாட்டான். அது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம், கெத்து என்றுகூடச் சொல்லலாம். கீழே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஹேமர் சத்தத்தை வைத்துத்தான் இது மண், இது பாறை, இது வெடிப்பு, இப்போது ஹேமரின் முனையில் இருக்கும் பிட் பாறையில் மாட்டிக்கொள்ளப்போகிறது என்று ட்ரில்லர் சொல்ல வேண்டும். காதை மூடிக்கொண்டு நிற்கிற ட்ரில்லரை எந்த வண்டி முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். நான் இருபத்தேழு வருடம் திறந்த காதோடு நின்றேன். பஞ்சு வைத்திருந்த ஆட்களைக் கேலி வேறு செய்தேன்.

ஒரு கிணறு முடித்து அடுத்த ஊருக்குப் போகும்போது வண்டியில் அந்த ஆல்பம்தான் ஓடும். கூட வருகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "ஏனுங்ணா, அந்த ஆள ஆரோ கழுத்தப் புடிச்சு நெரிக்கறாங்க, போயிக் காப்பாத்துங்ணா," என்பான் ஒருத்தன். லீவரில் நிற்கும்போதும் மனதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும். ஹேமர் அடிக்கிற வேகமும் அந்த ட்ரம்காரன் உதைக்கிற வேகமும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. ஊர் பேர் தெரியாத காட்டில், வாயெல்லாம் பாறைத்தூளோடு, நான் சந்தோசமாக நின்றேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

முதலில் காணாமல் போனது ட்ரம்மோடு வரும் பித்தளைத் தட்டுச் சத்தம். கேசட் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். நியாயந்தானே, காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட். சிடி வந்ததும் வாங்கினேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. பிறகு கிட்டாரில் இருந்த கூர் மழுங்கியது. சிடியில் கீறல் என்று பென் டிரைவுக்கு மாறினேன். அப்புறம் அந்தக் கத்தல் குறைய ஆரம்பித்தது. வருடத்துக்கு வருடம் அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழேயே நின்றுகொண்டான். அந்தக் கடைசிப் படியை அவன் ஏறுவதே இல்லை. ஒருதரம் பதிந்த பாட்டில் பாடுகிறவனுக்கு வயசாகுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஸ்பீக்கரைத்தான் திட்டினேன்.

வீட்டிலும் இதே கதைதான். லீவில் வந்தால் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது தெரியாமல் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "ஏனுங்க, அஞ்சு விசில் அடிச்சுப் பருப்பு கொழஞ்சே போச்சு, அடுப்ப நிறுத்துனா என்னங்க?" என்பாள் மனைவி. குக்கர் மேலிருக்கும் குண்டு சரியில்லை என்று புதுக் குண்டு வாங்கிவந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம், எங்கள் வீட்டில் இந்த வருடம் கொசுவே இல்லை என்று பெருமை பேசினேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்கு அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியவில்லை.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகள் இருக்கிற ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங்கும் ஸ்பீக்கரும் போட்டுக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அதிகம் பேசாத மனிதர். அவரிடம்தான் எங்கள் ரிக் வண்டிக்கு ட்வீட்டர் மாற்றுவேன். பாட்டில் உச்சத்தில் வருகிற சத்தத்தை மட்டும் தனியாகக் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு ட்வீட்டர் என்று பெயர். கத்தல் வருவதும் தட்டுச் சத்தம் வருவதும் அதில்தான். ட்வீட்டர் செத்துவிட்டது என்று முதல் தடவை போனேன், மாற்றிக் கொடுத்தார். அடுத்த தடவை போனேன், மாற்றினார். மூன்றாவதும் மாற்றினார். நான்காவது தடவை போனபோது பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் அதில் காதை வைத்துக் கேட்டார்.

"நல்லாத்தான் ஓடுதுங்ணா."

"எங்க ஓடுது? கத்தலே வரலயே."

"வருதுங்ணா. காது கிழியுது." கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. காத ஒருக்கா டாக்டருகிட்டக் காட்டுங்ணா."

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "ஆருக்குக் காது போச்சு? எரநூறு அடிக்குக் கீழ ஹேமரு பாறையத் தொடுதா மண்ணத் தொடுதான்னு நின்ன எடத்துல சொல்றவன் நானு. மட்டமான சாமானப் போட்டு ஏமாத்திப்போட்டு எங்காதக் கொற சொல்றயா?" பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பிரித்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவரை ஏமாற்றுக்காரன் என்றேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, வெளியில் எடுத்த வயர்களை மறுபடி உள்ளே சொருகிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வருடம் கர்நாடகத்தில் ஒரு தென்னந்தோப்பில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். எனக்குக் கீழே எல்லாம் ஒரே சீராகக் கேட்டது. எதிரில் நின்றவன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறான், ஓடி வருகிறான், என்னைத் தள்ளிவிட்டு லீவரை இழுக்கிறான். பிட் மாட்டப்போகும்போது காற்று சீறும், ஹேமர் சத்தம் சன்னமாக மாறும். பஞ்சு வைத்திருந்த அவனுக்குக் கேட்டிருக்கிறது. திறந்த காதோடு நின்ற எனக்குக் கேட்கவில்லை. ஹேமர் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் போராடியும் எடுக்க முடியவில்லை. தோப்புக்காரர் மூடின குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி ஃபோனில் என்னைத் திட்டக்கூட இல்லை. "ஊட்டுக்குப் போயிக் கொஞ்ச நாளு இருங்க, நானே கூப்புடறேன்," என்றார். அவர் கூப்பிடப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மனைவிதான் என்னைச் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். காதைச் சோதிக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்று கதவைச் சாத்தினாள். நான் அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். அவள் கதவைத் திறந்தாள்.

"சார், சத்தம் வந்தா மட்டும் அழுத்துங்க."

"வந்துச்சே அம்மிணி. விசிலு மாதிரி."

"நான் இன்னும் எதுவுமே போடலீங்க சார்."

அது என் காதுக்குள்ளேயே இருக்கிற விசில். எத்தனை வருடமாக இருக்கிறது என்று எனக்கே தெரியாது. உலகம் என்றால் அந்தச் சத்தமும் சேர்ந்துதான் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

சோதனை முடிந்ததும் கோடு போட்ட ஒரு தாளைக் காட்டினாள். இடப்பக்கம் தடித்த சத்தம், வலப்பக்கம் சன்னமான சத்தம். என் கோடு இடப்பக்கம் சுமாராகப் போய், நடுவில் சரிந்து, அப்படியே கீழே விழுந்துவிட்டது. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓர் அளவுக்குமேல் எத்தனை அடி போனாலும் தண்ணீர் இல்லாமல் வெறும் புகையாக வருகிற துளைகளை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில், போதுங்க, நிறுத்திக்கலாம் என்று நிலத்துக்காரரிடம் சொல்கிறவனும் நான்தான்.

டாக்டர் தன்மையாகத்தான் பேசினார். நரம்பு போனது போனதுதான், திரும்ப வராது, மிஷின் வைத்தால் பேச்சு ஓரளவு புரியும் என்றார். "பேச்சு கெடக்குதுங்க. ஒரே ஒரு பாட்டு கேக்கோணும்," என்றேன். அவர் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பைக்கில் திரும்பி வரும்போது என் பின்னால் உட்கார்ந்து, "போனாப் போவுது உடுங்க. அந்தக் கத்தலக் கேக்காட்டி இப்ப என்ன?" என்று சத்தமாகச் சொன்னாள். அப்புறம் சின்னக் குரலில் இன்னும் ஏதோ சொன்னாள். பைக்கை ஓரங்கட்டி, என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, போங்க," என்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டேன். சொல்லவில்லை. அவள் அன்றைக்கு என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மிஷின் வந்தது. முதல் வேலையாக அந்தப் பாட்டைப் போட்டேன். ட்ரம் தகரத்தில் தட்டுகிற மாதிரி வந்தது. கத்தல் ஆரம்பித்தது, இரண்டு படி ஏறியது, பிறகு ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். மேலே படியே இல்லை. கிளினிக்குக்குப் போய் மூன்று தடவை சரிசெய்து வாங்கினேன். கடைசியில் அந்தப் பெண், "இல்லாத எடத்துல எவ்வளவு கூட்டி வச்சாலும் கேக்காது சார்," என்று சொல்லிவிட்டாள். கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஐம்பது வயது தாண்டிய ஆள், ஒரு ஜெர்மன்காரன் கத்தலுக்காக அழுதேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒருநாள் நாமக்கல்லுக்குப் போனேன். அந்த ஸ்பீக்கர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பு. அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்து வயர் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே நின்றார். காதில் இருந்த மிஷினைக் கழற்றி அவரிடம் காட்டினேன். "நீ சொன்னது செரிதான் சாமி. நாந்தான் தப்பு," என்றேன்.

அவர் கடைக்குள் போய் மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். பெட்டி நிறைய ட்வீட்டர். ஒவ்வொன்றின் முதுகிலும் வண்டி நம்பர் எழுதியிருந்தது. தேடி எடுத்து என் வண்டியுடையது மூன்று ஜோடியை மேசை மேல் வைத்தார்.

நான் மிஷினை மாட்டிக்கொண்டேன். அவரும் என் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து மெதுவாகப் பேசினார். "ஒண்ணுகூடச் சாவலீங்ணா. அத்தனையும் நல்லாத்தான் ஓடுது. நல்ல சாமான எப்படிக் குப்பையில போடறது, அதான் வச்சிருக்கறேன்."

"இது பூராவும் ஆரு வண்டிது?"

"எல்லாம் ரிக் வண்டிதானுங்க. லாரிக்காரங்க ஆரும் ட்வீட்டர் செத்துப்போச்சுன்னு வர மாட்டாங்க. ட்ரில்லருங்கதான் வருவாங்க."

பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சில நம்பர்கள் எனக்குத் தெரிந்த வண்டிகள். கூட வேலை செய்தவர்கள், என்னிடம் வேலை கற்றவர்கள், காதில் பஞ்சு வைத்ததற்காக நான் கேலி செய்து எடுக்கவைத்தவர்கள்.

"இவுங்ககிட்டயெல்லாம் சொன்னியா? காதக் காட்டச் சொல்லி?"

"மொத ஆளுகிட்டச் சொன்னேன், அடிச்சுப்போட்டாரு. ரெண்டாவது நீங்க." வேறு பக்கம் திரும்பப் போனவர், எனக்குக் கேட்காது என்று நினைவு வந்து மறுபடி நேராக நின்றார். "அதுக்கப்பறம் ஆருகிட்டயுஞ் சொல்றதில்லீங்ணா. கேட்டா மாத்திக் குடுத்தர்றேன்."

எனக்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பெட்டி அங்கேயே இருந்தது, எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணவில்லை.

என் ட்வீட்டரில் ஒன்றை எடுத்து, இதை மட்டும் தனியாக மாட்டி ஒரு பாட்டுப் போட முடியுமா என்று கேட்டேன். பெரிய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை மட்டும் மாட்டினார். ஃபோனைக் கொடுத்தேன். காதிலிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அந்தக் கரகரப்பு வேண்டாம்.

பாட்டை வைத்தார். எனக்குள் இருக்கும் விசிலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எந்த இடம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். மனதுக்குள் ட்ரம்மை உதைத்துக்கொண்டே வந்தேன். கிட்டார் இரண்டும் துரத்துகிற இடம் வந்தது, போனது. கத்தல் வர வேண்டிய இடத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் அவர் முகம் சுளித்தார், ஒரு கண் மூடியது. லாரி நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து தலையை உதறிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனது. ட்வீட்டர் மேல் விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மனதுக்குள் அவன் ஏறினான், நின்றான், அந்தக் கடைசிப் படியையும் ஏறி, மூச்சு விட்டு, முடித்துவிட்டான்.

"முடிஞ்சுதா?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு என் முகத்துக்கு நேராக வந்து, "இல்லீங்ணா, இன்னும் கத்தறான்," என்றார்.